ஐந்து நிமிடத்துக்கு ஒரு விசாரிப்பு

அத்தியாயம் 7

"மூணு மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கணும் மேடம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தர முடியாது கேட்டேளா."

கம்பெனி முதலாளி விஸ்வேஸ்வரன் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. அவர் மேஜைமேல் புகார்க் கடிதம் தயாராக இருந்தது. தேதி போட்டாயிற்று, முத்திரை வைத்தாயிற்று, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கடிதத்தின் நடுவில் அல்தாஃப் என்ற பெயரைத் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள்.

மணி பதினொன்று பத்து. வெள்ளிக்கிழமை.

கங்கா மேடம் உட்காரவில்லை. அவருக்குப் போட்ட நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். நான் வெங்கிட்டு. விசிட்டிங் கார்டில் உதவித் துப்பறிவாளர் என்று இருக்கும். நடைமுறையில் குடை, ஆட்டோ, சாயா மூன்றுக்கும் பொறுப்பு. ஐந்து வருடமாக அவரிடம் இருக்கிறேன். கேஸ் பிடிபட்டால்தான் அவர் உட்காருவார். இன்று காலை திருப்பூணித்துறையில் பஸ் ஏறியதிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார். காலி சீட் இருந்தும் உட்காரவில்லை. கண்டக்டர் என்னைத்தான் முறைத்தார்.

"அந்தப் பையன் எங்கே?" என்று கேட்டார் மேடம்.

"பையனா? முப்பத்தி நாலு வயசு. அந்தக் கண்ணாடி ரூம்ல இருக்கான். பெண்டாட்டியும் கூட இருக்கா. போன், கம்ப்யூட்டர் ஒண்ணும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். நான் யாரையும் பழி சொல்றவனில்லை. ஆனா ஆஸ்பத்திரிக்காரா இன்னிக்கே கேஸ் குடுக்கச் சொல்றா. இல்லேன்னா ஒப்பந்தம் ரத்து."

அந்தப் பெண்டாட்டிதான் எங்களை அமர்த்தியவள். ஹிஸானா. நேற்று சாயங்காலம் களமசேரியில் வேலை விட்டு நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தாள். அழவில்லை. "அவர் பேர் ஒரு தடவ கேஸ்ல வந்தா அப்புறம் யாரும் அவர் கையில ஒரு பாஸ்வேர்டு குடுக்க மாட்டாங்க சேச்சி. அவருக்கு வேற தொழில் தெரியாது" என்று மட்டும் சொன்னாள். மேடம் உடனே கேஸை எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். மட்டாஞ்சேரியில், பழைய மிளகு கிடங்கின் மாடியில் இருக்கும் இந்தக் கம்பெனி, நாற்பது சின்ன ஆஸ்பத்திரிகளின் சர்வர்களை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறது. அதற்கென்று ஒரு மென்பொருள். எந்த சர்வர் எங்கே இருக்கிறது, எதற்கு என்ன சாவி என்பதையெல்லாம் அந்த மென்பொருள் தன் தலையில் வைத்துக்கொள்ளாது. ஒரு டேட்டாபேஸில் எழுதி வைத்து, வேண்டும்போது திறந்து பார்க்கும். டேட்டாபேஸ் இருப்பது எங்கேயோ தூரத்தில், வாடகைக்கு எடுத்த இடத்தில். அதைத் திறக்க மென்பொருளுக்குள் நான்கு விவரம் எழுதித் தர வேண்டும். டேட்டாபேஸின் முகவரி, வாசல் எண், பயனர் பெயர், பாஸ்வேர்டு. இதற்குத்தான் கனெக்‌ஷன் அமைப்பது என்று பெயர். வீட்டுக்கு முகவரி, கதவு எண், சாவி போதும்; இதற்குப் பயனர் பெயர் ஒன்றுதான் அதிகம்.

மூன்று வாரம் முன்பு ஆஸ்பத்திரிகள் ஒரு புது விதி கொண்டுவந்தன. டேட்டாபேஸுக்குள் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பதிவு எடுக்க வேண்டும். பதிவு எடுக்க ஆரம்பித்த முதல் நாளே ஒரு வேண்டாத விருந்தாளி தென்பட்டது. ஆபீசுக்கு வெளியே எங்கிருந்தோ ஒரு கனெக்‌ஷன், இரவும் பகலும் உள்ளே இருக்கிறது. பயனர் பெயர் அல்தாஃப்.

"மீதி ஹரி சொல்லுவான். எனக்கு இந்த வயர் சமாசாரமெல்லாம் தெரியாது. ஹரி சொன்னா சரியா இருக்கும்," என்று விஸ்வேஸ்வரன் தன் மருமானைக் கைகாட்டிவிட்டுப் போனில் ஆஸ்பத்திரிக்காரர்களைச் சமாதானப்படுத்தப் போய்விட்டார்.

ஹரிநாராயணன் தன் அறைக்கு எங்களைக் கூட்டிப்போனான். நாற்பதுக்குள் வயது, மடிப்புக் கலையாத சட்டை. பதிவு எடுத்த பக்கங்களை எங்கள் முன்னால் பரப்பினான்.

"பாருங்கோ மேடம். முதல் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பதினெட்டுக்குக் கனெக்‌ஷன் போறது, ஒண்ணு நாற்பத்திரண்டுக்குத் திரும்பி வரது. அடுத்த வெள்ளி, பன்னிரண்டு இருபத்தி நாலு, ஒண்ணு முப்பத்தேழு. மூணாவது, பன்னிரண்டு இருபது, ஒண்ணு நாற்பத்தஞ்சு. மத்த நாள் ஒரு நிமிஷம் கூட அறுந்ததில்லை. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில எங்கே போவான்? ஜும்மாவுக்கு. இன்டர்நெட் லைன் மட்டாஞ்சேரி லைன். அவன் வீடும் மட்டாஞ்சேரி. இதுக்கு மேல என்ன வேணும்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டவுடனே எனக்கும் 'அடடா, மாட்டினான்' என்றுதான் தோன்றியது.

"ஜும்மான்னு முதல்ல சொன்னது யாரு?" என்றார் மேடம்.

"நான்தான். பார்த்தாலே தெரியறதே."

"இந்தக் கனெக்‌ஷன் உள்ளே வந்து என்ன எடுத்துண்டு போறது?"

ஹரி பரப்பின பக்கங்களை அடுக்கினான். "எடுத்ததா தெரியலை. ஆனா..."

"பின்னே என்ன பண்றது?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரே கேள்வி கேக்கறது. சர்வர் உயிரோட இருக்கான்னு."

"மூணு வாரமா?"

"ஆமாம்."

நான் குறுக்கே புகுந்தேன். "நல்ல திருடனாக்கும். வீட்டுக்காரா சௌக்கியமான்னு விசாரிச்சுட்டு வாசலோட போயிடறான். எங்க மாமனார் கூட என்னை இவ்வளவு விசாரிச்சதில்லை."

ஹரி சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை. ஆனால் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எதையோ சரியாகச் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். எதை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடி அறையில் அல்தாஃப் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ஹிஸானா அவன் பக்கத்தில். அங்கிருந்து கண்ணாடி வழியாக ஹாலின் சுவர் தெரிந்தது. சுவர் முழுக்க ஒரு திரை. ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு வரி. உயிரோடு இருந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு. கடைசி வரி அந்த விருந்தாளி. பச்சையாக இருந்தது.

"நீ இங்கே இருக்கே, அது அங்கே ஓடறது," என்றார் மேடம்.

"அதத்தான் நானும் சொன்னேன் மேடம். ஆளை வெச்சு ஓட்டுறேன்னு சொல்றாங்க." அல்தாஃப் திரையின் கடைசி வரியைக் காட்டினான். "அந்தப் பேரு நான் போட்டதுதான். கம்பெனி ஆரம்பிச்ச முதல் நாள், சாஃப்ட்வேர போட்டது நான், அதனால என் பேருல போட்டேன். அப்புறம் எல்லாருக்கும் தனித்தனிப் பேரு வந்துச்சு. அத நீக்கியாச்சு. ஆறு வருஷம் ஆச்சு. நீக்கினதுக்குக் கையெழுத்துப் போட்ட லிஸ்ட் ஃபைல்ல இருக்கு. நான் திரும்ப உண்டாக்கினேன்னு ஹரி சார் சொல்றாரு."

"பதிவு எடுத்த பேப்பர் உனக்கு யாராவது காட்டினாளா?"

"ஒண்ணும் காட்டல்ல. உன் பேருல திருட்டுன்னு மட்டும் சொன்னாங்க." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "மேடம், இன்னைக்கு ஜும்மாவுக்கு விடுவாங்களா?"

மேடம் விஸ்வேஸ்வரனிடம் கேட்டுப் பார்த்தார். மூணு மணிவரை வெளியே விட முடியாது என்றார் அவர். அல்தாஃப் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நான் யார் சொல்ல?

"ஹிஸானா, அந்தச் சுவரைப் பார்த்துண்டே இரு. கண்ணை எடுக்காதே," என்று சொல்லிவிட்டு மேடம் படியிறங்கினார். அவர் இறங்கும் வேகத்தில் நான் கடைசி இரண்டு படியைத் தாண்டிக் குதித்தேன்.

தெருவில் லாரியிலிருந்து சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வானம் மூடிக்கொண்டு, மழை பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. மேடம் மூட்டைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நடந்தார்.

"வெங்கிட்டு, நீ கோவிலுக்குப் போறே. வீட்டில ஃபிரிட்ஜை அணைச்சுட்டா போவே?"

"இல்லை."

"அப்போ அல்தாஃப் தொழப் போனா அவன் கம்ப்யூட்டர் எதுக்கு நிக்கணும்? மனுஷன் தொழுவான். மிஷின் தொழாது."

நான் நின்றுவிட்டேன். இது எனக்குக் காலையிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

"டைமர் வெச்சிருக்கலாமே?"

"டைமர்னா வாராவாரம் ஒரே நிமிஷம் காட்டும். பதினெட்டு, இருபத்தி நாலு, இருபது. இது கைவேலை. யாரோ ஒருத்தர் வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில கரண்டை நிறுத்தறார், வந்து போடறார். கம்ப்யூட்டர் தானா எழுந்து மறுபடி கனெக்‌ஷன் போட்டுக்கறது. அந்தக் கை யாருதுன்னு தெரியணும்."

"இந்த பஜார் ரோட்டில பாதிக் கடை ஜும்மாவுக்கு மூடறது மேடம்."

"ஷட்டரை இறக்கறா. கரண்டை யாரு நிறுத்தறா? அதோ பார், மூடின கடையில போர்டு லைட் எரியறது. ஐஸ்கிரீம் பெட்டி ஓடறது."

மணி பன்னிரண்டு. அடுத்த பத்து நிமிடத்தில் நாங்கள் பதினோரு கடை ஏறி இறங்கினோம் என்று எழுத ஆசைதான். ஏறி இறங்கியது மூன்றே கடை. ஒருவர் எங்களை மின்வாரியம் என்று நினைத்தார். இன்னொருவர் வருமான வரி என்று நினைத்து எழுந்து நின்றார். மூன்றாமவர் எதுவும் நினைக்காமல் ஏலக்காய் விற்கப் பார்த்தார். பன்னிரண்டு பத்துக்கு என் தொண்டை வறண்டுவிட்டது. மூலையில் அம்மிணி என்று எழுதிய சாயாக் கடை இருந்தது. சாயா, கப்பைக் கிழங்கு, ஜூஸ்.

"மேடம், ஒரு மாங்கா ஜூஸ். ரெண்டே நிமிஷம்."

"மூணு மணிக்கு ஒருத்தன் வாழ்க்கை போறது, உனக்கு மாங்கா ஜூஸ்!"

கடைக்கார அம்மிணி, ஐம்பது வயது இருக்கும், மிக்ஸியின் மூடியைத் திறந்தபடியே என்னை அவசரப்படுத்தினாள். "வேணும்னா வேகம் பறை மோனே. இப்ப கரண்ட் போயிடும். பின்னே ஒண்ணே முக்காலுக்குத்தான் ஜூஸ்."

மேடம் அப்படியே நின்றார்.

"ஒண்ணே முக்காலா? பவர் கட்டா?"

"பவர் கட் இல்ல சேச்சி. தாவூது இக்கா மெயின் ஆஃப் ஆக்கும். நான் அவருகிட்டேருந்துதான் வயர் இழுத்திருக்கேன். வாடகையில கழிச்சுக்குவாரு. வெள்ளியாழ்ச்ச பள்ளிக்குப் போறப்ப மெயின இழுத்துட்டுத்தான் போவாரு. அவரு வாப்பா காலத்துல, எல்லாரும் ஜும்மாவுல இருக்கறப்ப, அடுத்த கிடங்குல வயர் புகைஞ்சு தீப்பிடிச்சு எல்லாம் கத்திப் போச்சு. அன்னைலேருந்து அந்தக் கட்டிடத்துல வெள்ளியாழ்ச்ச கரண்ட் கிடையாது."

ஜூஸ் குடிக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மேடம் ஏற்கெனவே எதிர்ப் பக்கம் போய்விட்டார்.

தாவூது சுக்கு வியாபாரி. அறுபது தாண்டியவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மர ஸ்டூலில் ஏறி மெயின் சுவிட்சைப் பிடித்திருந்தார். டக். மின்விசிறி மெல்ல நின்றது. தெருவின் அந்தப் பக்கம் அம்மிணி என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். என் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்திரண்டு.

"இக்கா, ஒரு விஷயம்..." என்றார் மேடம்.

"எல்லா விஷயமும் பள்ளி விட்டு வந்து பேசலாம் மோளே. இப்ப நேரமாச்சு." அவர் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

"போன் போடு ஹரிக்கு. கனெக்‌ஷன் போச்சான்னு கேளு."

போட்டேன். ஹரி முதல் மணியிலேயே எடுத்தான். "எங்கே இருக்கேள் நீங்க?"

"பஜார் ரோடு. தாவூதுன்னு ஒருத்தர் சுக்குக் கடை வாசல். இங்கே இப்பத்தான் மெயின் இழுத்தா. அங்கே கனெக்‌ஷன் போச்சா?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஹரி நிதானமாகச் சொன்னான். "இல்லையே. பச்சையாத்தான் இருக்கு. அங்கே நேரத்தை வீணாக்காதேங்கோ. அவன் வீட்டுப் பக்கம் பாருங்கோ."

நான் சொன்னதைக் கேட்டு மேடத்தின் முகம் வாடிவிட்டது. முதல் மழைத்துளி விழுந்தது. குடையை ஆபீசில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினேன். பூட்டின கடையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். பன்னிரண்டு நாற்பது.  ஹிஸானாவுக்கு என்ன பதில் சொல்வது? துப்பு ஒன்று கிடைத்தது, அதுவும் நனைந்துபோயிற்று என்றா? பொறுக்கமாட்டாமல் அவளையே கூப்பிட்டேன்.

"ஒண்ணும் சரியா வரலை ஹிஸானா. இங்கே ஒரு இடத்தில மெயின் போச்சு, ஆனா உங்க கனெக்‌ஷன்..."

"சிவப்பாயிடுச்சு அண்ணா," என்றாள் அவள் குரலைத் தாழ்த்தி. "பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சு நான் கூப்பிடல்ல. இப்பவும் சிவப்புதான்."

போனை மேடத்திடம் நீட்டினேன். அவர் இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, அந்த நாளில் முதல்முறையாக, கடைத் திண்டில் உட்கார்ந்தார்.

"ஹரி ஏன் பொய் சொன்னான்?" என்றேன்.

"நீ என்ன சொன்னப்புறம் சொன்னான்னு யோசி."

"தாவூது கடைன்னேன்."

"அதுதான். கடை பேரைக் கேட்டதும் அவனுக்கு ஏதோ தெரிஞ்சு போச்சு. தாவூது வரட்டும்."

இன்னொன்றும் எனக்கு அப்போது உறைத்தது. மூன்று மணிக்குப் புகார் போய், போலீஸ் லைன் யாருடையது என்று தேடியிருந்தால், நேராகத் தாவூதின் கதவைத்தான் தட்டியிருப்பார்கள். அல்தாஃப் பெயர், தாவூது லைன், வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபட்டிருக்காது. நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒன்று நாற்பத்து நாலுக்குத் தாவூது வந்து சுவிட்சைப் போட்டார். மின்விசிறி சுழன்றது. மூன்று நிமிடத்தில் ஹிஸானாவிடமிருந்து செய்தி வந்தது: பச்சை.

"இக்கா, உங்க இன்டர்நெட் லைன்ல வேற யாரு இருக்கா?" என்று மேடம் நேராகக் கேட்டார்.

"யாரும் இல்லையே. முன்னால மேல இருந்தவங்க வயர் எடுத்திருந்தாங்க. அவங்க போயி ஆறு வருஷம் ஆச்சு."

"மேலே இப்போ யாரு?"

"அது சாமி ரூம்."

"எந்த சாமி?"

"விஸ்வேஸ்வரன் சாமி. நம்ம கிடங்கு மாடியில கம்ப்யூட்டர் கம்பெனி வெச்சிருக்காரே, அவரு. இங்கதான் முதல்ல ஆபீஸ். ராசியான ரூம்னு விட மனசில்ல. மலையாள மாசம் ஒண்ணாம் தேதி ஒண்ணாம் தேதி வந்து விளக்கு வெப்பாரு. சுக்குக் கிடங்குக்கு மேல விளக்கு! நான் சண்டை போட்டு, அணைச்சப்புறம்தான் அவர வெளிய விடுவேன்."

 புகார் கொடுக்கப் போகிறவரின் சொந்த அறையிலிருந்தா அந்தத் திருட்டுக் கனெக்‌ஷன்?

தீ பயத்தால் தாவூதிடம் மாற்றுச் சாவி இருந்தது. படியேறித் திறந்தோம். சின்ன அறை. நடுவில் ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி, நெற்றியில் சந்தனம், குங்குமம், வாடின செம்பருத்தி மாலை. உள்ளே விசிறி ஓடும் சத்தம். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வயர் தரையைத் துளைத்துக் கீழே போனது.

"திருடனைப் பிடிச்சாச்சு மேடம்," என்றேன். "பொட்டு வேற வெச்சிண்டிருக்கான்."

மேடம் குனிந்து பார்த்தார். கம்பெனியின் முதல் கம்ப்யூட்டர். அதில் அந்த மென்பொருளின் முதல் பிரதி. ஆபீஸ் இடம் மாறியது, டேட்டாபேஸ் மாறவில்லை. அதே முகவரி, அதே வாசல் எண், அதே பெயர், அதே பாஸ்வேர்டு. இதை யாரும் அணைக்கவில்லை, அந்தப் பெயரை யாரும் நீக்கவும் இல்லை. ஆறு வருடமாக இது தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இக்கா, இங்கே ஆபீஸ் இருந்த காலத்திலும் வெள்ளிக்கிழமை மெயினை நிறுத்துவேளா?"

"பின்னே? அவங்களுக்கும் கரண்ட் போகும். ஆரம்பத்துல சாமி சத்தம் போட்டாரு. அப்புறம் பழகிட்டாரு."

மேடம் எழுந்தார். "வா வெங்கிட்டு. மணி ரெண்டு பத்து."

விஸ்வேஸ்வரன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மேடம் கடிதத்தின்மேல் கையை வைத்தார். ஹரியையும், கண்ணாடி அறையிலிருந்து அல்தாஃபையும் ஹிஸானாவையும் உள்ளே கூப்பிட்டார்.

"சார், அந்தக் கனெக்‌ஷன் எங்கேருந்து வரதுன்னு தெரிஞ்சுடுத்து. தாவூது கடை மாடி. உங்க ராசியான ரூம்."

விஸ்வேஸ்வரன் முகம் வெளிறிவிட்டது. "என் ரூமா? அதில ஒரு கம்ப்யூட்டர்தானே இருக்கு. முதல் மிஷின், அணைக்க மனசு வரலை. ஆனா அது ஒண்ணோடயும் சேர்ந்ததில்லை, எல்லாம் கழட்டியாச்சுன்னு ஹரி சொன்னானே!"

"இப்போ நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. அந்த ரூம்ல ஆபீஸ் இருந்தப்போ வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ன நடக்கும்?"

"தாவூது மெயினை இழுத்துடுவான். பன்னிரண்டேகாலுக்கு மேல இருட்டு. ஒண்ணே முக்காலுக்குத்தான்..." அவர் பாதியில் நிறுத்தினார். 

"இந்தப் பேப்பர்ல உள்ள மணியும் அதுதான். நீங்க பார்க்கலையா?"

"நான் எங்கே பேப்பர் பார்த்தேன்? ஜும்மா நேரத்தில நின்னுடறதுன்னு இவன் சொன்னான். நான் கேட்டுண்டேன்."

"இருட்டில யாரெல்லாம் உக்காந்திருப்பேள்?"

"நானும் ஹரியும். தயிர்சாதம் சாப்பிட்டுண்டு. நாலு வருஷம்."

"அல்தாஃப்?"

"அவன் பள்ளிவாசலுக்குப் போயிருப்பான்."

"அப்போ வெள்ளிக்கிழமை அந்த ரூம்ல கரண்ட் போறது தெரியாத ஒரே ஆள் அல்தாஃப். இவனுக்கு இந்தப் பேப்பரைக் காட்டினாலும் ஒண்ணும் புரிஞ்சிருக்காது. பார்த்த உடனே புரிஞ்சிண்ட ஆள் வேற." மேடம் ஹரி பக்கம் திரும்பினார். "பன்னிரண்டு இருபத்திரண்டுக்குச் சிவப்பானது ஹால் முழுக்கத் தெரிஞ்சது. எனக்குப் பச்சைன்னு சொன்னேள். ஏன் ஹரி?"

  மேடம் அல்தாஃப் சொன்ன லிஸ்டைக் கேட்டுக் கையை நீட்டினார், ஹரி தன் அறை அலமாரியிலிருந்து பழைய ஃபைலை எடுத்து வந்து கொடுத்தான். ஆறு வருடம் முந்தைய பட்டியல். முதல் கம்ப்யூட்டர், வயர் கழற்றப்பட்டது. பயனர் அல்தாஃப், நீக்கப்பட்டது. இரண்டுக்கும் கீழே ஹரிநாராயணன் கையெழுத்து.

"அன்னிக்கு ஷிஃப்டிங் அவசரம் மாமா," என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. "அப்புறம் பண்ணிக்கலாம்னு கையெழுத்துப் போட்டேன். மறந்தே போச்சு. மூணு வாரம் முன்னாடி மணியைப் பார்த்ததும் எங்கேருந்துன்னு தெரிஞ்சுடுத்து. ஆறு வருஷமா ஒரு பாஸ்வேர்டு திறந்து கிடந்ததுன்னு வெளியில தெரிஞ்சா ஆஸ்பத்திரி ஒண்ணு மிஞ்சாது. என் வேலையும் போயிடும். ஜும்மான்னு சொன்னேன். எல்லாரும் உடனே நம்பிட்டா. அவன் ராஜினாமா பண்ணிண்டு போயிடுவான்னு நினைச்சேன். போலீஸ் வரைக்கும் போகும்னு நினைக்கலை."

"ரூமுக்குப் போய் அதை அணைச்சிருக்கலாமே?" என்றேன் நான்.

"சாவி மாமாகிட்டே. கேட்டா எதுக்குன்னு கேப்பா."

ஹிஸானா அப்போதுதான் அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது.

விஸ்வேஸ்வரன் புகார்க் கடிதத்தை நான்காகக் கிழித்தார். ஹரியைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து அல்தாஃபின் தோளில் கை வைத்தார். "மனசில வெச்சுக்காதே. அவன் சொன்னது அத்தனையும் பொய்யாப் போச்சு. ஆஸ்பத்திரிக்காராகிட்டே நடந்ததை நானே சொல்லிக்கறேன். நீ போய் உன் சீட்டில உக்காரு."

அல்தாஃப் போய் உட்கார்ந்தான். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். பயனர் பட்டியலைத் திறந்து தன் பெயரைத் தேடினான். நீக்கவா என்று கேட்டது. நீக்கினான். சுவரில் கடைசி வரியே இல்லாமல் போயிற்று. பழைய பட்டியலை வாங்கி ஹரியின் கையெழுத்துக்குக் கீழே இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டான். பிறகு நாற்காலியைத் திருப்பினான்.

"ஹரி சார் பொய் சொன்னாரு சார். அவருக்குப் பயம். அது எனக்குப் புரியுது." குரல் உயரவே இல்லை. "பத்து வருஷம் உங்ககூட இருந்திருக்கேன். நீங்க ஏன் சார் நம்புனீங்க?"

பின்னாலேயே வந்திருந்த விஸ்வேஸ்வரன் அல்தாஃபின் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

கேள்வி அவரைப் பார்த்துக் கேட்டதுதான். ஆனால் நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் இல்லை.

"நாளைக்கு வருவியோல்லியோ?" என்றார் விஸ்வேஸ்வரன் கடைசியில்.

"திங்கட்கிழமை சொல்றேன் சார்," என்று அல்தாஃப் எழுந்தான். ஹிஸானா அவன் பையை எடுத்துக்கொண்டாள். இருவரும் மழையில் இறங்கிப் போனார்கள்.